நான் தெரிவு செய்த வெள்ளைப் பிளாஸ்ரிக்

வளைகுடா நாடொன்றில் இருந்த தொழிற்சாலையில் பதினொரு வருடங்கள் கடைசல் மெசினில் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரைபடம் வரும். அதன் வலதுபக்க மூலையில் ஒரு சின்னக் கட்டம். எந்தப் பொருளில் செய்ய வேண்டும் என்று அதற்குள் எழுதியிருக்கும். நான் அதை வாசித்து, களஞ்சியத்தில் அந்தத் தடியை எடுத்து, மெசினில் பூட்டி, சொன்ன அளவுக்குக் கடைந்து கொடுப்பேன். அளவு பிழைத்து என் வேலை திரும்பி வந்தது மிகக் குறைவு. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எழுதுகிறவர் யார், இரும்பைப் போடாமல் ஏன் பிளாஸ்ரிக்கைப் போட்டார், இந்தப் பிளாஸ்ரிக்கை விட்டு ஏன் அந்தப் பிளாஸ்ரிக்கை எடுத்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஊருக்குத் திரும்பி, புளியங்கூடலில் வீட்டோடு சேர்த்து ஒரு தகரக் கொட்டகை போட்டேன். பழைய கடைசல் மெசின் ஒன்றும் துளைபோடும் மெசின் ஒன்றும் வாங்கி வைத்தேன். வாசலில் ‘பொறியியல் வேலைத்தளம்’ என்று பலகை மாட்டினேன். ஒரு மாதம் போகவில்லை, சனம் என்னை ‘எஞ்சினியர்’ ஆக்கிவிட்டது. முதல் தடவை ஒருவர் அப்படிக் கூப்பிட்டபோது, “நான் எஞ்சினியர் இல்லை, மெசின் வேலைக்காரன்” என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் தடவை அது என் காதுக்கு இனித்தது. மூன்றாம் தடவைக்குப் பிறகு நானே நம்பத் தொடங்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நாட்களில் வந்த வேலைகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வள்ளத்தின் எஞ்சின் தண்டு, தண்ணீர் இறைக்கும் மோட்டரின் உறுப்பு, இரண்டு சில்லு உழவு மெசினின் முறிந்த துண்டு. பழையதைக் கொண்டு வருவார்கள். பித்தளை என்றால் பித்தளையில், இரும்பென்றால் இரும்பில் அதேபோல ஒன்றைச் செய்து கொடுப்பேன். தெரிவு என்று ஒன்று அதில் இல்லை.

அப்படியிருக்கையில் ஒருநாள் நண்டுத் தொழிற்சாலை முதலாளி வந்தார். ஊர்காவற்றுறைப் பக்கம் கரையோரமாக அவருக்கு ஒரு சிறிய தொழிற்சாலை இருந்தது. மீனவர்களிடம் நண்டு வாங்கி, அவித்து, சதையைப் பிரித்து, பிளாஸ்ரிக் பெட்டிகளில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவார். இருபது பெண்கள் அளவில் அங்கே வேலை செய்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் விரித்தார். அவித்த பனங்கிழங்கின் நிறத்தில், நடுவே துளையுள்ள, கட்டைவிரல் பருமனான உருளை ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது.

“பெட்டி மூடுற மெசினின்ரை புஷ் தம்பி. நாலு இருக்கு. ஒண்டு வெடிச்சிட்டுது, மற்றதுகளும் கீறல் விட்டிருக்கு. மெசின் வெளிநாட்டிலையிருந்து பழசா வாங்கினது. அந்தக் கம்பனிக்கு எழுதினால் பதில் இல்லை. உமக்குச் செய்ய ஏலுமோ?”

“ஓம், செய்யலாம்” என்றேன். கையில் எடுத்துப் பார்க்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அடுத்தநாள் மெசினைப் பார்க்கப் போனேன். அதை இயக்குகிற பெண்தான் எனக்கு எல்லாம் காட்டினாள். அல்லைப்பிட்டியைச் சேர்ந்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். கணவன் கடலுக்குப் போகிறவர். மெசின் வந்த நாளிலிருந்து அவள்தான் அதில் நிற்கிறாள். பெட்டியைக் கீழே உள்ள குழியில் வைத்து, மேலே மெல்லிய தாளைப் பரப்பிப் பொத்தானை அமத்தினால், சூடான ஓர் இரும்புத் தட்டு இறங்கி வந்து தாளைப் பெட்டியின் விளிம்போடு ஒட்டிவிட்டு மேலே போகும். அந்தத் தட்டுக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் இடையில்தான் இந்த நான்கு புஷ்களும் இருந்தன. தட்டின் சூடு சட்டத்துக்கு ஏறாமல் தடுக்க வேண்டும். தட்டு அமத்துகிற அமத்தலையும் அவைதான் வாங்க வேண்டும். தட்டின் சூடு நூற்றெண்பது பாகை.

“ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் ஓடும்?” என்று கேட்டேன்.

“காலமை ஏழுக்குப் போட்டால் பின்னேரம் மூண்டு மட்டும் நிப்பாட்டிறேல்லை அண்ணை. இடையிலை சூடு குறைஞ்சால் திரும்ப ஏற நேரம் எடுக்கும்.”

அந்தப் பதிலுக்குள் எனக்குத் தேவையான எல்லாம் இருந்தது. எட்டு மணித்தியாலச் சூடு, எட்டு மணித்தியால அமத்தல். நான் அதைக் கொப்பியில் எழுதக்கூட இல்லை. புஷ்ஷின் நீளத்தையும் விட்டத்தையும் துளையையும் மட்டும் அளந்து எழுதிக்கொண்டு வந்தேன். அளப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

வீட்டில் கைபேசியில் தேடினேன். பிளாஸ்ரிக்குகளின் பெயர்களும் அவை உருகும் வெப்பநிலையும் ஓர் அட்டவணையில் இருந்தன. அட்டவணையில் வேறு நிரல்களும் இருந்தன. பாரத்தின் கீழ் வளையும் வெப்பநிலை என்று ஒன்று, இன்னும் பல. எனக்கு விளங்கியது உருகும் வெப்பநிலை மட்டும்தான், ஆகவே அதை மட்டும் பார்த்தேன். நைலோன் இருநூறைத் தாண்டியதும் உருகிவிடும் என்றிருந்தது, வேண்டாம். முந்நூறுக்கு மேல் தாங்குவதாக இரண்டு இருந்தன. ஒன்று ‘பீக்’ என்று சொல்வது. உடைந்த புஷ் அதுதான் என்று நிறத்திலேயே தெரிந்தது, வளைகுடாவில் அதைக் கடைந்திருக்கிறேன். மற்றது ரெஃப்லோன், பொரிக்கும் சட்டியில் ஒட்டாமல் இருப்பதற்குப் பூசுகிறார்களே, அதே வெள்ளைச் சாமான். அதில் ஒரு தடி, கொட்டகையின் மூலையில், நான் திரும்பி வரும்போது கொண்டுவந்த சாமான்களோடு கிடந்தது.

கொழும்பில் பிளாஸ்ரிக் தடி விற்கும் ஒருவருக்கு அழைத்துப் பார்த்தேன். பீக் கையிருப்பில் இல்லை, இறக்குவதற்குச் சில கிழமைகள் ஆகும் என்றார். பிறகு அவரே கேட்டார், புஷ்ஷில் எவ்வளவு பாரம் விழும் என்று. எனக்குத் தெரியாது. எப்படிக் கணக்கிடுவது என்றும் தெரியாது. “அதெல்லாம் நான் பாத்திட்டன்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். முகம் தெரியாத ஒரு கடைக்காரரிடம்கூட ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு வராமல் போனது.

ரெஃப்லோனில் நான்கு புஷ்களைக் கடைந்தேன். வெண்ணெய்போல வெட்டுப்பட்டது. அவ்வளவு மென்மையாக வெட்டுப்படுகிற ஒன்று எப்படி அமத்தலைத் தாங்கும் என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். அதன் வழுவழுப்பையும் வெண்மையையும் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பூட்டுவதற்குப் போனபோது நண்டுச் சதை பிரிக்கும் பெண்கள் றப்பர் சப்பாத்தும் வலைத்தொப்பியுமாகச் சுற்றி நின்றார்கள். அல்லைப்பிட்டிப் பெண் ஒரு புஷ்ஷை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகத்தின் தடம் அதில் விழுந்தது.

“அண்ணை, இது எத்தினை சூட்டுக்கு உருகும்?”

“முந்நூறுக்கு மேலை. உம்மடை மெசின் நூற்றெண்பதுதானே. பயப்பிடாதையும்.”

“உருகாது, சரி. ஆனா சூடா இருக்கேக்குள்ளை அமத்திக்கொண்டே இருந்தால் நசியாதோ? மாதா கோயிலுக்கு வாங்கி வைக்கிற மெழுகுதிரி சித்திரை வெய்யிலுக்குப் பெட்டிக்குள்ளை உருகிறேல்லை. ஆனா அடியிலை கிடக்கிறது மேலை உள்ள பாரத்துக்குச் சப்பையாப் போய்க் கிடக்கும். அதுதான் கேட்டனான்.”

நான் சிரித்தேன். சும்மா சிரிக்கவில்லை, மற்றவர்களும் பார்க்கும்படி சிரித்தேன்.

“இது மெழுகுதிரி இல்லைப் பிள்ளை. ரொக்கட்டிலை பாவிக்கிற சாமான். கோயில் வேலையைக் கோயிலிலை பாரும், இதை எங்களிட்டை விடும்.”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு மெசினுக்குப் போனாள். வீட்டுக்கு வந்து அந்த மெழுகுதிரிக் கதையை மனைவிக்கும் சொன்னேன். “நண்டுச் சதை பிரிக்கிற இடத்திலை எனக்கு வகுப்பெடுக்கினம்” என்றேன். மனைவி சிரித்தாளா என்று இப்போது நினைவில்லை.

மெசின் ஐந்து நாட்கள் நன்றாக ஓடியது. ஆறாம் நாள் நான் ஒரு வள்ளத்தின் தண்டைக் கடைந்துகொண்டிருந்தபோது அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணை, வலப்பக்க மூலை வடிவா ஒட்டுதில்லை. பத்துப் பெட்டிக்கு ரெண்டு கசியுது.”

“எத்தினையிலை வைச்சிருக்கிறீர்?”

“நூற்றெண்பதிலைதான்.”

“இருநூற்றுப் பத்துக்குக் கூட்டிவிடும்.”

“முப்பது பாகை கூட்டச் சொல்லுறியள். ஒருக்கா வந்து பாத்தியள் எண்டால் நல்லது. முதலாளியையும் கேக்கட்டோ?”

“நான் சொல்லுறன்தானே. நீர் கூட்டும். வேலை நடுவிலை நிக்கிறன்.”

மெசினை நிறுத்தாமலேதான் பேசினேன். என் பக்கத்தில் ஒரே இரைச்சல். ஆனால் இருநூற்றுப் பத்து என்று நான் சொன்னதும் அவளுக்குக் கேட்டது, முப்பது பாகை என்று அவள் சொன்னதும் எனக்குக் கேட்டது. அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

அடுத்தநாள் மதியத்துக்கு முன் முதலாளியின் அழைப்பு வந்தது. “உடனை வாரும்” என்று மட்டும் சொன்னார். போனபோது மெசின் நின்றிருந்தது, பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அவளை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். தட்டு ஒரு பக்கம் சரிந்து, ஒரு பெட்டி அதில் சிக்கிக்கொண்டதாம். மெசினை நிறுத்திவிட்டு அவள் பெட்டியை இழுத்தபோது தட்டு மொத்தமாகச் சறுக்கி அவளது வலது கை விரல்களின் மேல் விழுந்துவிட்டது. தட்டைத் தூக்கி எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

நான் சட்டத்தைக் கழற்றினேன். நான்கு புஷ்களில் இரண்டு பாதி உயரத்துக்கு நசிந்து, விளிம்பு வெளியே பிதுங்கி, ரொட்டிக்கு அமத்திய மாவைப்போல இருந்தன. மற்ற இரண்டும் கோணலாகிக் கிடந்தன. உயரம் குறையக் குறையப் போல்ட்டுகள் தளர்ந்து, தட்டு தன் பிடியை விட்டிருக்கிறது. எதுவும் உருகவில்லை. ஒரு துளிகூட உருகவில்லை.

நான்கையும் என் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. அவை இன்னும் சூடாக இருந்தன, துடையில் சுட்டது.

முதலாளி மெசினின் சிவப்பு இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். “உதை ஆர் இருநூற்றுப் பத்துக்குக் கூட்டினது?”

பதில் தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான்.

“உந்தச் சூட்டுக்கு எந்தப் பிளாஸ்ரிக் போட்டாலும் நிக்காது அண்ணை” என்றேன்.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பொய் இல்லை என்று சில நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதுவும் பொய்தான். அந்தச் சூட்டில் நிற்கிற பிளாஸ்ரிக் இருக்கிறது. பழைய புஷ் அதில்தான் செய்யப்பட்டிருந்தது.

மூன்றாம் நாள் முதலாளி திரும்பவும் அழைத்தார். “தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தனான். நீர் சொல்லித்தான் கூட்டினதெண்டு அந்தப் பிள்ளை சொல்லுது. உண்மையோ?”

யோசிக்க எனக்கு நேரம் வேண்டியிருக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துவது. தடுமாறியிருந்தால்கூட ஒரு மனச்சாட்சி இருந்தது என்று ஆறுதல்படலாம். “கொஞ்சம் கூட்டிப் பாக்கச் சொன்னனான் அண்ணை. அஞ்சு பாகை, பத்துப் பாகை. இருநூற்றுப் பத்தெண்டு நான் ஏன் சொல்லப்போறன்? மெசின் சத்தத்துக்குள்ளை அவ பிழையா விளங்கியிருப்பா.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான்” என்றார் அவர். குரலில் ஓர் ஆறுதல் இருந்தது. எஞ்சினியர் பிழை விட்டார் என்பதைவிட மெசினில் நிற்கிற பெண் பிழை விட்டாள் என்பது அவருக்கும் சுலபமாக இருந்தது. கை ஆறினாலும் இனி அவளை மெசினுக்கு எடுப்பதில்லை என்றும் சொன்னார். நான் “ம்” என்றேன்.

பீக் தடிக்குக் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த கிழமைகளில்தான் நான் முதல்முறையாக வாசித்தேன். கைபேசியில் அந்த அட்டவணையை மறுபடி திறந்து, நான் தாண்டிப்போன நிரல்களை ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தேடி விளங்கிக்கொண்டேன். ஒரு பிளாஸ்ரிக் எப்போது உருகும் என்பது ஒரு கேள்வி. பாரத்தைத் தாங்கிக்கொண்டு எந்தச் சூடு மட்டும் நிமிர்ந்து நிற்கும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. ரெஃப்லோன் சூட்டுக்கு அழியாது. ஆனால் அமத்தலின் கீழ் மெல்லமெல்ல ஒழுகி விலகிக்கொண்டே போகும், சூடு கூடக்கூட இன்னும் கெதியாக. சூட்டைக் கூட்டச் சொன்னதன் மூலம் நான் அந்த நசிவை விரைவாக்கியிருக்கிறேன். மூலை ஒட்டாமல் போனதற்குக் காரணம் சூடு போதாமை இல்லை, புஷ் பதிந்து தட்டு சரிந்ததுதான்.

வாசித்தது போதாதென்று செய்தும் பார்த்தேன். ஒரு ரெஃப்லோன் துண்டையும் பழைய புஷ்ஷின் உடைந்த பாதியையும் ஒவ்வொன்றாக, அடுப்புக்கரியில் சூடாக்கிய இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு இடையில் வைத்து, மேசையில் பூட்டிய குறட்டில் இறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். வெள்ளைத் துண்டு எங்கள் கண்முன்னால் மெதுவாகச் சப்பளிந்து வெளியே வந்தது. பழைய துண்டு அப்படியே நின்றது.

“உதுதானே அந்தப் பிள்ளை கேட்டது?” என்றாள் மனைவி.

நான் குனிந்து அடுப்புக்கரியைக் கிளறினேன்.

“கை எப்பிடியாம் அவவுக்கு? போய்ப் பாத்தனீங்களோ?”

“இல்லை.”

அவள் கோப்பையை வைத்துவிட்டு குசினிக்குப் போய்விட்டாள்.

பீக் தடி வந்தது. மிகக் கவனமாகக் கடைந்தேன், பூட்டினேன், மெசின் ஓடத் தொடங்கியது. ஒரு கிழமை கழித்து அளந்து பார்த்தபோது புஷ் ஒரு மயிரிழையும் குறையவில்லை. முதலாளி எல்லோர் முன்னிலையிலும் என் தோளில் தட்டி, “படிச்ச மனுசன் படிச்ச மனுசன்தான்” என்றார். மெசினில் புதிதாக ஒரு பெண் நின்றாள். சதை பிரிக்கும் மேசையிலிருந்து ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு உண்மை தெரியுமோ என்று நினைத்தேன். அந்த நினைப்போடு அங்கே நிற்க ஏலாமல், தேத்தண்ணி வருகிறது என்று சொல்லியும் கேளாமல் வந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் அல்லைப்பிட்டிக்குப் போனேன். பாதையில் இரண்டு தடவை மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவையும் நினைத்தேன். தேவாலயத்துக்கு அப்பால் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் அவளுடைய வீடு. யுத்தகால இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து கட்டிய, இன்னும் பூசாத கல்வீடு. முற்றத்தில் வலை விரித்திருந்தது. அவள் கதிரையில் உட்கார்ந்து இடது கையால் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வலது கையில் கட்டு இல்லை. மூன்று விரல்களின் தோல் இளஞ்சிவப்பாக, இழுபட்டு, பளபளத்தது.

“வாங்கோ” என்றாள். இருங்கோ என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே பேசினேன்.

“நான் ஒரு விசயம் சொல்ல வந்தனான்.”

“சொல்லுங்கோ.”

“நீர் கேட்டது சரி. அந்தப் பிளாஸ்ரிக் நசிஞ்சு போட்டுது. நான்தான் பிழையான சாமானைப் போட்டது. சூட்டைக் கூட்டச் சொன்னதும் நான்தான். முதலாளியிட்டை அதை மாத்திச் சொல்லிப்போட்டன்.”

அவள் பாசியைப் பிடுங்குவதை நிறுத்தவில்லை. “மாத்திச் சொன்னது எனக்குத் தெரியும். ஏன் நசிஞ்சதெண்டு தெரியாமல் இருந்தது. இப்ப விளங்குது.” பிறகு கேட்டாள், “எண்டைக்கு உங்களுக்குத் தெரியும்?”

“சட்டத்தைக் கழட்டின அண்டைக்கே தெரியும்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாளோ என்றும் பயந்தேன். “அப்ப ரெண்டு மாதம்” என்று மட்டும் சொன்னாள்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளும் தங்கச்சி.”

“மன்னிக்கிறது பேந்து பாப்பம் அண்ணை. இஞ்சை வந்து என்னட்டைச் சொல்லுறது உங்களுக்குச் சுகம். இஞ்சை ஆர் இருக்கினம்? நானும் வலையும்தான். அண்டைக்கு நீங்கள் பகிடி விட ஆக்கள் நிண்டவைதானே, எல்லாரும் சிரிச்சவைதானே. அவையளுக்கு முன்னாலை போய்ச் சொல்லுங்கோ.”

“சொல்லுறன்” என்றேன்.

வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் ஒன்பது நாட்கள் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னேன், மழை என்று சொன்னேன், முதலாளி ஊரில் இல்லை என்று சொன்னேன். மனைவிக்குத்தான் சொன்னேன், அவள் கேட்காமலே. பத்தாம் நாள் காலை சைக்கிளில் போகிற தொழிற்சாலைப் பெண்கள் இரண்டு பேரை வாசலில் நின்று கண்டேன். அவர்கள் என் பக்கம் திரும்பாமல் போனார்கள். அதற்குப் பிறகு கொட்டகைக்குள் நிற்க என்னால் முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரும் கைகழுவும் தொட்டியடியில் நின்றார்கள். முதலாளியும் நின்றார். ஒரு நிமிசம் எல்லோருடனும் கதைக்க வேண்டும் என்றேன். புது வேலை ஏதோ பற்றி என்று அவர் நினைத்திருப்பார், சிரித்தபடி வாரும் என்றார்.

முதலில் எனக்கு வாயில் வந்தது, “வெப்பத்தைத் தாங்குகிற பொருட்களிலை பல வகை இருக்கு” என்ற தொடக்கம். அதையும் ஒரு விரிவுரையாக்கப் பார்த்தேன். இரண்டு வசனத்தில் நிறுத்திவிட்டேன். பிறகு சொன்னேன். “அந்தப் பிள்ளையின்ரை கையைச் சுட வைச்சது நான். பிழையான பிளாஸ்ரிக்கைப் போட்டனான். அது நசியும் எண்டு அவ எனக்குச் சொன்னவ, நான் சிரிச்சனான். இருநூற்றுப் பத்துக்குக் கூட்டச் சொன்னதும் நான்தான். அவ ஒண்டையும் பிழையா விளங்கேல்லை. நான் பொய் சொன்னனான். நான் எஞ்சினியரும் இல்லை. கடைசல் மெசினிலை நிண்ட ஆள்.”

தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் அதைப் பூட்டவில்லை. கடைசியில் வயதில் மூத்த ஒரு பெண் சொன்னாள். “அண்டைக்கு எங்களையும் சேத்துச் சிரிக்கப் பண்ணினது நீர்தானே. நாங்கள் அவவின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் திரியிறம்.” சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்களும் போனார்கள்.

முதலாளி என்னை வெளியே கூட்டிப்போனார். முகம் கறுத்திருந்தது. “இதை என்னட்டைத் தனியச் சொல்லியிருக்கலாமே தம்பி. நானல்லோ அந்தப் பிள்ளையை வர வேண்டாம் எண்டனான். இப்ப எல்லாருக்கும் முன்னாலை நானும் அம்மணமா நிக்கிறன்.” அவர் சொன்னது நியாயம்தான். என் பொய்யில் அவரும் சாய்ந்து நின்றவர். ஆனாலும் அன்று பின்னேரமே அவர் அல்லைப்பிட்டிக்குப் போனார்.

அவள் உடனே வரவில்லை. கை இன்னும் தேற வேண்டும் என்றும், வந்தால் மெசினுக்குத்தான் வருவதாகவும், மெசின் சரியில்லை என்று தான் நிறுத்தினால் திரும்ப ஓட்டச் சொல்லி ஒருவரும் நிற்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். முதலாளி ஒத்துக்கொண்டார். அடுத்த மாதம் அவள் வேலைக்கு வந்தாள். என்னைப் பற்றி அவர் கேட்டதற்கு, “அளவு பிழைக்காமல் செய்யிற ஆள்தானே, செய்யட்டும். ஆனா என்ன சாமானிலை செய்யிறதெண்டு கேட்டுச் செய்யட்டும்” என்றாளாம்.

ஊரில் கதை பரவியது. சிலர் என்னிடம் வருவதை நிறுத்தினார்கள். சிலர் வந்து, வேலையைக் கொடுத்துவிட்டு, என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்கள். நான் எதிர்பார்த்ததைவிட அது குறைவுதான். சனத்துக்குத் தங்கள் சோலிகள் இருக்கின்றன. வெட்கம் எனக்குள்ளேதான் தங்கியது. ‘தெரியாது, கேட்டுச் சொல்லுறன்’ என்று சொல்லப் பழகினேன். முதல் சில தடவைகள் அதைச் சொல்வது பெரும்பாடாக இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை.

போன வருடம் அந்தத் தொழிற்சாலையில் நண்டைத் தட்டில் வைத்து ஆவியில் அவிக்கும் மெசின் ஒன்றுக்கு, தட்டை நேராகச் செலுத்தும் வழிகாட்டித் துண்டுகள் தேவைப்பட்டன. நானும் அவளும் கவிழ்த்து வைத்த மீன்பெட்டிகளில் உட்கார்ந்து கதைத்தோம். எத்தனை பாகை, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு பாரம், ஆவியா காய்ந்த சூடா என்று கேட்டு எழுதினேன். அவள் தானாக ஒன்று சொன்னாள். “பின்னேரம் குளோரின் தண்ணியாலை கழுவுறனாங்கள் அண்ணை. அதுக்கும் நிக்க வேணும்.” குளோரின் அந்தப் பிளாஸ்ரிக்கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்றேன். கேட்டுவிட்டு வாங்கோ என்றாள். கொழும்புக் கடைக்காரரைக் கேட்டேன். அவர் இன்னொருவரைக் கேட்டார். பதில் வர ஒரு கிழமை சென்றது. நான் முதலில் மனதில் வைத்திருந்தது அதற்கு ஆகாது என்று தெரியவந்தது. வேறொன்றைப் போட்டோம். இன்று வரை நிற்கிறது.

அவளது மூன்று விரல்களில் ஒன்று முழுதாக மடங்குவதில்லை. மெசினின் பொத்தானைப் பெருவிரலால்தான் அமத்துகிறாள். பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடிவதில்லை. குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருக்கிற ஏதாவதொரு போல்ட்டை இன்னொருமுறை இறுக்கிப் பார்ப்பேன். அவள் அதைக் கவனித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மன்னித்துவிட்டதாக அவள் இன்னும் சொல்லவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை.